சின் ஷி ஹுவாங்: சீனாவின் முதல் பேரரசும் அதன் எச்சங்களும்

சின் ஷி ஹுவாங் (கி.மு. 259 – கி.மு. 210) சீனத்தை முதன்முதலில் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தவர். இயற்பெயர் யிங் ஜெங். தந்தை ஜாவோ நாட்டில் பிணைக்கைதியாக இருந்த காலத்தில், அந்நாட்டுத் தலைநகரான ஹான்டானில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் சின் நாட்டின் அரியணை ஏறினார். கி.மு. 230-இல் தொடங்கிய போர்களில் அண்டை அரசுகள் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன; கி.மு. 221-இல் கடைசியாகச் சி நாடு பணிந்தது. அரசர் என்ற பழைய பட்டம் போதாதென்று ‘ஹுவாங்தி’ என்ற புதுப் பட்டத்தை அவர் சூடிக்கொண்டார். 1912-இல் பூயி முடிதுறக்கும் வரை சீனப் பேரரசர்கள் அந்தப் பட்டத்துடனேயே ஆண்டனர்.

சுடுமண் படையையும் நெடுஞ்சுவரையும் கொண்டே உலகம் இவரை அறிகிறது. அவற்றை எழுப்பிய ஆட்சி முறைதான் அவற்றைவிடப் பெரிய எச்சம்.

எழுத்தில் இயங்கிய அரசு

இந்த ஆட்சி முறை சின் ஷி ஹுவாங் உருவாக்கியதன்று. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே ஷாங் யாங் என்ற அமைச்சர் குடும்பங்களை ஐந்தைந்தாகச் சேர்த்து, ஒருவர் குற்றத்துக்கு மற்றவரையும் பொறுப்பாக்கினார். பிறப்பால் வந்த பெருமையை ஒதுக்கிப் போர்க்களச் சாதனைக்கே பதவி என்று விதித்தார். சின் ஷி ஹுவாங் அந்த முறையை வென்ற நிலம் முழுவதற்கும் விரித்தார். தலைமை அமைச்சராக உயர்ந்த லீ ஸியின் யோசனைப்படி இளவரசர்களுக்கு நாடு பிரித்துக் கொடுக்காமல், பேரரசை 36 மாகாணங்களாகப் பகுத்தார். அவற்றை ஆள, நியமிக்கவும் நீக்கவும் கூடிய அதிகாரிகளை அமர்த்தினார். எழுத்துவடிவம், நாணயம், எடை, முகத்தலளவை, வண்டி அச்சின் அகலம் ஆகியவை எங்கும் ஒன்றாயின. கி.மு. 221-ஆம் ஆண்டு ஆணை பொறித்த வெண்கல எடைக்கற்கள் பல இன்றும் கிடைத்துவருகின்றன.

இந்த ஆட்சி அன்றாடம் எப்படி நடந்தது என்பதை நமக்குக் காட்டியவர் ஒரு சிறு அதிகாரி. ஹுபெய் மாநிலத்தின் ஷுய்ஹுதி என்ற இடத்தில் 1975-இல் திறக்கப்பட்ட அவரது கல்லறையில், உடலைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள் இருந்தன. பெரும்பாலானவை சட்டங்கள். பயிருக்குப் பெய்த மழை எவ்வளவு, அதனால் பயன்பெற்ற நிலம் எவ்வளவு என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஒரு விதி. எடைக்கல்லில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிழை இருந்தால் பொறுப்பாளருக்கு ஒரு போர்க்கவசம் அபராதம். அரசுப் பணிக்கு அழைக்கப்பட்டவர்கள் மூன்று முதல் ஐந்து நாள் தாமதித்தால் கண்டனம், பத்து நாள் வரை ஒரு கேடயம், அதற்கு மேல் ஒரு கவசம்; மழை வெள்ளம் என்றால் அழைப்பே ரத்து.

சிமா சியென் ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கி.மு. 209-இல் எல்லைக் காவலுக்குச் சென்ற 900 பேர் மழையால் தாமதமாயினர். அதற்குத் தண்டனை மரணம் என்பதால் சென் ஷெங் தலைமையில் கலகம் செய்தனர் என்கிறார். உழைப்புப் பணிக்கும் படைப்பணிக்கும் விதிகள் வேறாக இருந்திருக்கலாம். எப்படியாயினும், சின் ஆட்சியை வெறும் வெறியாட்டம் என்று வரைந்த பழைய சித்திரம் இந்தச் சுவடிகளுக்குப் பின் நிற்காது. அதன் கொடுமை விதிகளுக்குள், கணக்குப் போட்டு நடந்த கொடுமை. கி.மு. 213-இல் நூல்களை எரிக்கச் சொன்னதும் முறையான ஆணைதான். மருத்துவம், குறி, வேளாண்மை நூல்களுக்கு அதில் விலக்கு இருந்தது.

நீரும் மண்ணும்

சின் நாட்டின் செல்வத்துக்கு அடித்தளமிட்டது ஒரு கால்வாய். ஜெங் குவோ என்ற பொறியாளரை, அண்டை அரசுகள் ஆறில் ஒன்றான ஹான் நாடுதான் அனுப்பியது; பெரிய கால்வாய் ஒன்றில் சின் தன் ஆட்பலத்தைக் கரைத்துவிடும், போருக்கு வராது என்பது திட்டம். சூழ்ச்சி பாதியில் வெளிப்பட்டது. ஹான் நாட்டுக்குச் சில ஆண்டுகள் ஆயுள் கிடைக்கும், சின் நாட்டுக்கோ தலைமுறைகளுக்குப் பயன் கிடைக்கும் என்று அவர் வாதிட, வேலை தொடர்ந்தது. வண்டல் நீர் பாய்ந்து உவர் நிலம் விளைநிலமானது. அந்தத் தானியத்தை உண்ட படைகளிடம் முதலில் வீழ்ந்தது ஹான் நாடே. தெற்கே, கி.மு. 214 வாக்கில் முடிந்த லிங்சூ கால்வாய் யாங்சி, முத்தாறு வடிநிலங்களை இணைத்தது.

வடக்கே ஷியுங்னு நாடோடிகளை விரட்டிய தளபதி மெங் தியென், முந்தைய அரசுகளின் சுவர்களை இணைத்து நீட்டினார். அவை பெரிதும் இடித்து இறுக்கிய மண்ணாலும் கல்லாலும் ஆனவை. பயணிகள் பெய்ஜிங் அருகே இன்று ஏறிப் பார்க்கும் செங்கல் சுவர் மிங் காலத்தது (1368–1644). இரண்டையும் ஒன்றாகக் காட்டும் நூல்கள் இன்னும் அச்சாவது வருத்தத்துக்குரியது.

கல்லறை

சியான் நகருக்குக் கிழக்கே, லி மலையடிவாரத்தில் அவரது சமாதி மேடு உள்ளது. அரியணை ஏறிய காலத்திலேயே வேலை தொடங்கியதாகவும், பின்னர் 7,00,000 பேர் அனுப்பப்பட்டதாகவும் சிமா சியென் எழுதுகிறார். உள்ளே பாதரச ஆறுகள் ஓடுவதாகவும் அவர் குறிப்பிடுகிறார். மேட்டின் மண்ணில் பாதரசம் வழக்கத்துக்கு மிக அதிகம் என்று சோதனைகள் காட்டியுள்ளன. நடுக் கல்லறை இதுவரை திறக்கப்படவில்லை.

மேட்டுக்குக் கிழக்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டரில், 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய உழவர்கள் சுடுமண் துண்டுகளைக் கண்டனர். முதல் குழி மட்டும் 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். எல்லாக் குழிகளிலுமாக ஏறத்தாழ 8,000 உருவங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். தலை தனியாகச் செய்து பொருத்தப்பட்டது. இன்று மண்நிறத்தில் நிற்கும் வீரர்கள் அன்று சிவப்பு, பச்சை, ஊதா எனப் பல வண்ணங்களில் இருந்தவர்கள். அடியில் பூசிய அரக்குப் பூச்சு காற்றுப் பட்டதும் சுருண்டு, நிறத்தையும் சேர்த்து உதிர்த்துவிட்டது. 1987-இல் இந்த வளாகம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமானது.

உருவங்கள் சிலவற்றில் செய்தவரின் பெயர் உண்டு. குழியில் கிடைத்த ஈட்டிக்கோடரிகளில் ஆட்சியாண்டு, தலைமை அமைச்சர் லூ புவெய், பட்டறை, தொழிலாளி எனப் பொறுப்புடையோர் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளனர். பெருமைக்காகப் பொறித்தவை அல்ல இவை. பழுது வந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக. சமாதிக்கு மேற்கே ஜாவோபெய்ஹு சிற்றூரில் உழைப்பாளர்களின் புதைகுழிகள் கண்டறியப்பட்டன. உடைந்த கூரை ஓடுகளில் இறந்தவரின் ஊரும் பெயரும் கீறியிருந்தன. சிலர் பழைய சி, ஜாவோ நாட்டுப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். இந்தச் சமாதியைப் பற்றிய எந்த விவரிப்பும் அந்த ஓட்டுத் துண்டுகளைச் சொல்லாமல் முழுமை பெறாது.

வீழ்ச்சிக்குப் பின்

கி.மு. 210-இல் சுற்றுப்பயணத்தில் அவர் இறந்தபோது செய்தி மறைக்கப்பட்டது; சடலத்தின் நாற்றத்தை மூடக் கருவாட்டு வண்டிகள் உடன் சென்றன. மூத்த மகன் ஃபூசு பொய்யாணையால் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். நான்கே ஆண்டுகளில், தலைநகர் ஷியான்யாங் லியூ பாங் என்ற கலகத் தலைவரிடம் சரணடைந்தது. மற்ற தளபதிகள் பொன்னையும் பட்டையும் தேடி ஓட, அவருடன் இருந்த ஷியாவ் ஹ சின் அரசின் சட்டங்களையும் வரைபடங்களையும் குடிப் பதிவேடுகளையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். பின்னர் வந்த மற்றொரு கலகத் தலைவர் சியாங் யூ அரண்மனைகளைக் கொளுத்தினார். கி.மு. 202-இல் லியூ பாங் ஹான் பேரரசரானபோது (முன்பு வீழ்ந்த ஹான் நாடு வேறு), புதிய சட்டத் தொகுப்பை ஷியாவ் ஹ அந்தச் சின் சட்டங்களிலிருந்தே உருவாக்கினார்.