கடற்கரை யாருக்கு?

பாடாலூர்ப் பகுதியில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. வேளாங்கண்ணித் திருப்பயணமோ சென்னைப் பயணமோ வாய்க்கும்போதுதான் நாம் அலையில் கால் நனைக்கிறோம். ஆயினும் நாம் நிற்கும் இம்மண்ணே ஒரு காலத்தில் கடலோரமாய் இருந்தது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குப் பரவியிருந்த கடல் விட்டுச்சென்ற பாறை அடுக்குகளுக்கு, நம் அண்டை ஊரான ஊட்டத்தூரின் பெயரையே நிலவியலார் சூட்டினர். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்னும் நிலவியல் அறிஞர் சாத்தனூரில் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரமும் அக்கடலின் வண்டலில் புதையுண்டதே.

கரை என்பது நிலையான கோடன்று என்பதை நம் ஊர் மண் இவ்வாறு நமக்குச் சொல்கிறது. இயற்கை அதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நகர்த்திற்று. மனிதனோ ஒரு தலைமுறைக்குள் நகர்த்தவல்லவன். அப்படி நகர்த்தியபோது ஆதாயம் யாருக்குக் கிட்டியது, இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதற்குச் சென்னைக் கடற்கரையின் வரலாறு சான்றாய் நிற்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே அலைகளைக் கடந்து சரக்கையும் மக்களையும் கரைசேர்த்தன. அப்படகோட்டிகள் வாழ்ந்த இராயபுரத்தில் புனித இராயப்பரின் பெயரால் கோயிலும் எழுந்தது. வாணிகம் பெருகவே, 1870களில் கடலுக்குள் இரு பெருங்கற்சுவர்களை நீட்டிச் செயற்கைத் துறைமுகம் அமைக்கத் தொடங்கினர். 1881 நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. எனினும் மீண்டும் கட்டினர். அதே ஆண்டில் ஆளுநராய்ப் பொறுப்பேற்ற கிராண்ட் டஃப், துறைமுகத்திற்குத் தெற்கே மக்கள் காற்று வாங்கி உலாவ அழகியதோர் உலாச்சாலையை அமைத்து, அதற்கு ‘மெரினா’ என்னும் பெயரையும் இட்டார்.

வாணிகத்திற்கு வடக்கே துறைமுகம். ஓய்வுக்குத் தெற்கே மணல்வெளி. பார்த்தால் நேர்த்தியான பங்கீடே. ஆனால் கடல் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. சோழமண்டலக் கரையில், ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மிகுதியாய்ச் சுமந்து செல்கின்றன. துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தைத் தடுத்தது. தடைபட்ட மணல் தெற்கே குவிந்து குவிந்து, குறுகலாய் இருந்த கரை இன்று நாம் வியக்கும் அகன்ற மெரினாவாய் விரிந்தது. வடக்கேயோ மணல் வரத்து நின்றது. அலை மட்டும் நிற்கவில்லை. இராயபுரம் தொடங்கி எண்ணூரை நோக்கிக் கடல் நிலத்தைத் தின்றது. மீனவர் குடியிருப்புகளும் தெருக்களும் கரைந்தன. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினர். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு ஓரளவு அடங்கி, அதற்கும் வடக்கே இருந்த ஊருக்குப் பெயர்ந்தது.

மாலைப்பொழுதில் மெரினாவில் சுண்டல் தின்று மகிழும் நாம், அம்மணலில் ஒரு பங்கு வடசென்னை மீனவர் இழந்த கரை என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

மணல் பெருகிய தெற்கிலும் மீனவர்க்கு அமைதி கிட்டவில்லை. 1985இன் இறுதியில், மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தபோது மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். தலைமுறை தலைமுறையாய்க் கரையில் வாழ்ந்தோரின் தொழிற்கருவி, காற்று வாங்க வந்தோரின் கண்ணுக்கு அழகுக்கேடாய்த் தோன்றியதே இத்துயரின் வேர்.

1991 பிப்ரவரியில் நடுவண் அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் கட்டடங்களும் தொழில்களும் அதனால் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1996இல், அந்த எல்லைக்குள் நிறுவப்பட்ட இறால் பண்ணைகளை அகற்றுமாறு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்தின் கோடும் கரைக்கோட்டைப் போல நகர்வதாயிற்று. 2019ஆம் ஆண்டின் புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் 200 மீட்டராய் இருந்த கட்டடத் தடையை 50 மீட்டராய்ச் சுருக்கிற்று.

இவற்றுக்கு இடையில்தான் 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்தது. வேளாங்கண்ணியில் திருப்பயணிகளையும் கரையோரச் சிறு வணிகரையும் ஆழிப்பேரலை ஒருசேர வாரிச்சென்றது. அதன்பின் மீனவரைக் கடலிலிருந்து தள்ளிக் குடியமர்த்தும் திட்டங்கள் வந்தபோது, “நாங்கள் விட்டுப்போகும் இடத்தில் நாளை விடுதிகள் எழுமோ?” என்று அவர்கள் அஞ்சினர். 1985ஐ அறிந்தோர்க்கு அவ்வச்சம் வியப்பளிக்காது.

அண்மையில் நிகழ்ந்ததையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும். 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடையூறு என்று மெரினா லூப் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட, நொச்சிக்குப்பம் மக்கள் சாலையில் படகுகளை நிறுத்திப் போராடினர். 2024 ஆகஸ்டில் அங்கேயே 360க்கும் மேற்பட்ட கடைகளுடன் மீன் அங்காடி திறக்கப்பட்டது. துப்பாக்கியில் தொடங்கிய வழக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்துக் கூரையுள்ள கடைகளை வந்தடைந்திருக்கிறது. குறைகள் இருப்பினும், தொழில் செய்வோரை அவ்விடத்திலேயே வைத்து வழிகாணலாம் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

வாணிகம் வேண்டா என்பது நம் கருத்தன்று. துறைமுகமின்றி நாடு வாழாது. ஓய்வும் வேண்டா என்பாரில்லை. உழைத்துக் களைத்தவன் காசின்றி நுகரும் இன்பம் கடற்காற்று ஒன்றே. கி.பி. 533இல் பேரரசர் யுஸ்தினியானுஸ் தொகுப்பித்த உரோமைச் சட்டநூல், காற்றையும் ஓடும் நீரையும் கடலையும் கடற்கரையையும் இயற்கைச் சட்டத்தால் எல்லார்க்கும் பொதுவானவை என்று வகுத்தது. பொது என்பதற்காக, முந்தி வந்தவனோ வலியவனோ எடுத்துக்கொள்ளலாம் என்பதில்லை. எல்லார்க்கும் உரியதைத் தொடுமுன் எல்லாரையும் கேட்கவேண்டும். அவர்களுள்ளும் அக்கரையையே நம்பி வாழ்வோரை முதலில் கேட்கவேண்டும். சமநிலை என்பது நிலத்தை இரண்டாய்ப் பகுப்பதில் இல்லை. இழப்பவர் யார் என்று முன்கூட்டியே கேட்பதில் இருக்கிறது.

இக்கேள்வி கடலோரத்தாருக்கு மட்டும் உரியதன்று. பெரம்பலூர், அரியலூர் மண்ணில் பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல், சிமெண்டாகி ஊர்தோறும் செல்கிறது. கரையோரக் கட்டடங்களிலும் அதற்குப் பங்கிருக்கும். ஒரு கடற்கரையை வெட்டி இன்னொரு கடற்கரையை அடைக்கும் காலத்தில் வாழ்கிறோம். அடுத்த முறை அலையோரம் நிற்கையில், நம் காலடி மணல் எவர் வாசலிலிருந்து வந்தது என்று ஒரு கணம் எண்ணுவோமாக.