தகரக் கொட்டிலும் வீட்டுத்திட்டமும்: கிழக்கின் அரச வீட்டுதவியில் விடுபட்ட வெப்பக் கணக்கு

2006 ஏப்ரலில் போரால் கிழக்கின் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர், பின்னர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமின் தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய காணிகள் கிடந்த பகுதியில்தான் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. நாட்டின் மின்தேவையை மெகாவாட் கணக்கில் அளந்த அரசு, கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தகரத்தின்கீழ் இறங்கும் வெக்கையை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. இது தற்செயலான மறதியன்று. வீட்டுக்கு உதவுவது ஒரு துறை, மின்சாரத்தைச் சேமிப்பது வேறொரு துறை என்று கொள்கை பிரிந்து வளர்ந்ததன் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உலக வங்கிக் கடனில் நடந்த வடக்கு-கிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டம், 2012இல் பயனாளிகளே கட்டும் முறையில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம், அரசின் 8 இலட்சம் ரூபா உதவி ஆகிய மூன்றிலும் அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகப் பணம் வழங்கப்பட்டது. இந்தியத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. எத்தனை வீடு முடிந்தது என்பது பதிவானது. முடிந்த வீடு மதியத்தில் எவ்வளவு சூடேறுகிறது என்பது கொடுப்பனவின் நிபந்தனையாகவில்லை. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு சக்தி அதிகாரசபையை உருவாக்கி, சக்தி வினைத்திறனை அதன் கடமையாக்கியது. ஆயினும் அந்தக் கடமை மீள்குடியேற்ற வீட்டின் கூரைவரை வந்து சேரவில்லை. அமெரிக்காவில் 1976இலேயே வறிய குடும்பங்களின் வீடுகளைக் காலநிலைக்கேற்பத் திருத்த அரச நிதி ஒதுக்கும் திட்டம் தொடங்கியிருந்தது. அங்கே குளிருக்குச் செய்ததை இங்கே வெயிலுக்குச் செய்திருக்கலாம்.

வெப்பம் பொதுவிவாதத்துக்கு வந்தது, வடக்கு-கிழக்குக்கென அரசு பின்னர் முன்வைத்த 65,000 பொருத்து வீடுகளின் திட்டத்தின்போதுதான். உருக்கில் செய்த அந்த வீட்டின் விலை முதலில் ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்று சொல்லப்பட்டது. வெக்கை, காற்றோட்டம், விறகடுப்புக்கு இடமின்மை ஆகியவற்றை மக்கள் பிரதிநிதிகளும் கட்டடத்துறையினரும் கேள்விக்குள்ளாக்கினர். அதற்குப் பதிலாகக் கல்வீடு கேட்டவர்கள் பழமையில் ஊறியவர்கள் அல்லர். தங்கள் காலநிலையை அறிந்தவர்கள்.

போரால் வீடிழந்தவனுக்கு முதலில் கூரை வேண்டும், வெப்பக்காப்பு பிறகு பார்க்கலாம் என்று ஒரு மறுப்பு எழும். அவசரத்தின் நியாயத்தை ஏற்கிறேன். ஆனால் கூரைக்கு ஓடா சீற்றா, சுவருக்கு நிழல் தரும் தாழ்வாரம் உண்டா, யன்னல் எந்தத் திசையில் என்பவை கட்டும் நாளிலேயே தீர்மானமாகிவிடும். பிறகு மாற்றுவதற்கு இரட்டைச் செலவு. அதை ஏழைக் குடும்பமே சுமக்கும். 2016 செப்டெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ கூரைச் சூரியமின் திட்டம் போதாதா என்பது இன்னொரு கேள்வி. முதலீடு செய்ய வசதியும் பெரிய மின்கட்டணமும் உள்ளவருக்கே அதில் இலாபம் அதிகம். மாதம் 30 அலகுக்குள் சலுகைக் கட்டணம் செலுத்தும் வீட்டுக்குக் கிடைப்பது சொற்பம். அதற்குத் தேவை வெயிலை விற்கும் கூரையைவிட வெயிலைத் தடுக்கும் கூரை.

அதே 2016 செப்டெம்பரில்தான் சம்பூர் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5இல் அங்கே 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கான பணி தொடக்கிவைக்கப்பட்டது. மின்சாரம் பிறக்கும் இடம் பற்றிய கொள்கை இந்த மண்ணில் இருமுறை மாறிவிட்டது. வீட்டுதவிப் படிவத்தில் வெப்பத்துக்கென ஒரு வரி இன்னும் சேர்க்கப்பட வேண்டியிருக்கிறது.