செக்கனின் பத்தில் ஒரு பங்கு

1991 பெப்ரவரி 25ஆம் திகதி இரவு, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினரின் தங்குமிடத்தின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை வீழ்ந்தது. 28 பேர் பலியாகினர். அன்று அச்செய்தியை வாசித்த எனக்கு, அதன் பின்னால் ஒரு சிறிய கணக்குப் பிழை இருந்தது தெரியாது. கலைப்பீடத்தில் பயின்ற நான் பின்னாளிலேயே அதனை விளங்கிக்கொண்டேன்.

ஸ்கட்டை வழிமறிக்க வேண்டிய பேட்ரியட் தொகுதியின் கணினி, நேரத்தைச் செக்கனின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. நாம் 0.1 என எழுதும் பின்னம், 0, 1 என்னும் இரு இலக்கங்களே உள்ள துவித முறையில் முடிவின்றி நீளும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என நீள்வது போன்றதே இது. கணினியோ 24 பிட்டுகளுடன் அதனைத் துண்டித்தது. 100 மணித்தியால இயக்கத்தில் அந்த நுண்ணிய பிழை 0.34 செக்கனாகத் திரண்டது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும். கணினி தேடிய இடத்தில் ஸ்கட் இல்லை, பேட்ரியட் ஏவப்படவுமில்லை.

மிக நீண்ட நேரம் இயக்கினால் பிழை நேரலாம் என 21ஆம் திகதியே படையினருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. எத்தனை மணித்தியாலங்கள் என்பது அதில் இல்லை. கணினியை நிறுத்தி மீள இயக்கியிருந்தாலே பிழை நீங்கியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானை வந்தடைந்தது மறுநாள், 26ஆம் திகதி.