வளரிளம் பருவத்தினரின் சிகிச்சைப் பங்கேற்பு: ஆயத்தத்தை அளப்பதில் ஒரு விடுபடல்

நாட்பட்ட நோயோடு வளரும் பிள்ளைகள் குழந்தை மருத்துவரை விட்டுப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும் காலத்தில்தான் மருந்து தவறுவதும் பரிசோதனைக்கு வராமல் நின்றுபோவதும் மிகுகின்றன. அந்த மாற்றத்துக்கு ஒருவர் ஆயத்தமா என்று முன்கூட்டியே அறிய அமெரிக்காவில் உருவான வினாநிரல் ‘டிராக்’. சாவிக்கி குழுவினர் 2011இல் வெளியிட்ட வடிவில் 29 கேள்விகள் இருந்தன. 2014இல் அவை 20 ஆயின. ‘எப்படியென்று தெரியாது’ என்பதில் தொடங்கி ‘தேவைப்படும்போதெல்லாம் செய்கிறேன்’ என்பது வரை ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள்.

இக்கருவி பயனற்றது என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால், இளையவரின் தகுதி என்று அது தரும் எண்ணில் பெரும் பங்கு, பெற்றோரும் மருத்துவரும் அவருக்கு விட்டுக்கொடுத்த இடத்தின் அளவே என்பது என் வாதம்.

2014 வடிவின் கேள்விகளையே பார்ப்போம். இருக்கும் மருத்துவக் காப்பீடு கைவிட்டுப் போனால் புதிதாக விண்ணப்பிப்பீர்களா என்கிறது ஒன்று. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டிலேயே பிள்ளைகள் தொடரலாம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்தத் தேவையே எழாதபோது, ‘தெரியாது’ என்ற அவளுடைய விடை எதைக் காட்டும்? உணவைத் திட்டமிடுதல், வீட்டைச் சுத்தமாக வைத்தல், கடைக்குப் போய்வருதல் ஆகியவற்றுக்கு மூன்று கேள்விகள் உண்டு. மருத்துவரோடு பேசுவதற்கோ இரண்டே. சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் தன் கருத்தைச் சொல்வது பற்றி ஒன்றுகூட இல்லை. மருத்துவரோடு பேசுவது பற்றிய இரண்டில் ஒன்று, அவர் கேட்பதற்குப் பதில் சொல்வீர்களா என்பது. ஆனால் பல வேளைகளில் மருத்துவர் தாயின் முகத்தைப் பார்த்தே கேட்கிறார். மகள் இன்சுலின் ஊசியை வயிற்றில் போடுகிறாளா தொடையிலா என்பதைக்கூடத் தாயே சொல்லிவிடுகிறார். அந்த அறையில் வாய்திறக்க வழியில்லாத பெண்ணுக்குக் குறைந்த மதிப்பெண் விழுந்தால், அதை அவள் கணக்கில் எழுதுவது அநியாயம்.

திறமைக் குறைவுதான் காரணம் என்றும் சொல்வதற்கில்லை. 1982இல் வெளிவந்த ஆய்வில் வெய்தார்னும் கேம்பெல்லும் 9, 14, 18, 21 வயதினரிடம் சிகிச்சை தொடர்பான சிக்கல்களைக் கொடுத்து முடிவெடுக்கச் சொன்னார்கள். பதினான்கு வயதினர் பெரியவர்களுக்கு இளைத்தவர்களாக இல்லை. அங்கே வாய்ப்பு தரப்பட்டது, அதன்பிறகே அளக்கப்பட்டது.

பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து அளப்பதற்கு முதல் வகை நீரிழிவில் நல்ல முன்மாதிரி உண்டு. ஆண்டர்சன் குழுவினர் 1990இல் 17 பொறுப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தாயிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே கேட்டார்கள். ‘நான் இல்லை’ என்று இருவருமே ஒதுங்கிய பொறுப்புகள் கூடிய வீடுகளில் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாக இருந்தது. தாயை மட்டுமோ பிள்ளையை மட்டுமோ கேட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. 1996இல் வைசாக்கி குழுவினர் கண்டது இன்னும் கவலைக்குரியது: முதிர்ச்சிக்கு மீறிய பொறுப்பைச் சுமந்த பிள்ளைகளின் நிலை தாழ்ந்தே இருந்தது. அப்படியானால் உயர்ந்த மதிப்பெண்ணே சில வேளை, கைவிடப்பட்ட பிள்ளையின் அடையாளமாகலாம்.

ஆகவே வினாநிரலைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தனித்தனியே கொடுத்து, இருவர் விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சராசரியில் கரைக்காமல் அப்படியே பதிவுசெய்ய வேண்டும். பிள்ளையோடு மருத்துவர் தனியே பேசினாரா என்பதும் அதே தாளில் இடம்பெற வேண்டும். கூடவே, என்ன செய்வாரென்று சொல்லிக்காட்ட வைக்கும் கேள்வி ஒன்றாவது தேவை. எடுத்துக்காட்டாக, நீரிழிவுள்ள பெண்ணிடம், வாந்தியெடுத்துச் சாப்பிட முடியாத நாளில் இன்சுலினை என்ன செய்வாய் என்று, பெற்றோரை வெளியே அமரச் சொல்லிவிட்டுக் கேட்கலாம். அடிப்படை இன்சுலினை நிறுத்தக்கூடாது, கீட்டோன் பார்க்க வேண்டும், யாருக்குப் போன் செய்வது என்று அவள் தன் வாயால் சொல்லட்டும். தடுமாறினால், அங்கேயே கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த சந்திப்பில் மறுபடி கேட்கலாம்.