உதைக்கத் தெரிந்தவருக்கே புல்லட்!

புதுசா பைக் வாங்கிய நண்பர்கள் முதலில் கேட்பது, "சைலன்சர் மாத்தலாமா?" அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் தயாரானது, ராணுவம் கேட்ட 350 சிசி புல்லட். 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. இங்கேயோ அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் 2010 வாக்கு வரை வந்துகொண்டிருந்தது.

விளைவு? ஓட்டுபவரே பாதி மெக்கானிக்! பிளாட்டினம் பாயிண்ட் சுத்தம் செய்யணும், டாப்பெட் பார்க்கணும். ஸ்டார்ட் செய்யவே ஒரு முறை உண்டு. சாவி போட்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தணும். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் அழுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம்தான் உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கால் போயிடும்.

இன்று செல்ஃப் ஸ்டார்ட் வந்தாச்சு. ஆனால் செயின் தொய்வு, ஆயில் அளவு, டயர் காற்று, பிரேக் இதையெல்லாம் எந்த பட்டனும் பார்க்காது. இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

முதலில் வண்டியைத் தெரிஞ்சுக்குவோம் நண்பர்களே, சத்தம் அப்புறம் :)