திங்கட்கிழமைத் தலைவலி

டைனமைட் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் திங்கட்கிழமை என்றாலே வயிற்றைக் கலக்கும். நைட்ரோகிளிசரினைத் தொட்டு வேலை செய்பவர்களுக்கு அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். செவ்வாய், புதன் என்று போகப்போக அது தானாக அடங்கிவிடும். ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து. இதற்குத் தொழிலாளர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விடுமுறை நாளில் தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தடவிப் போட்டுக்கொண்டார்கள். உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான். தோல் வழியாக மருந்து உள்ளே போகும் என்பதை எந்த ஆய்வகமும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

1847-இல் டூரின் நகரில் அஸ்கானியோ சோப்ரெரோ இந்தத் திரவத்தை முதன்முதலில் தயாரித்தார். துளியூண்டு நாக்கில் வைத்தாலே தலை வலிக்கிறது என்று எழுதிவைத்தார். ரத்தக்குழாய்கள் விரிவதுதான் காரணம். 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அதையே இதய நெஞ்சுவலிக்கு மருந்தாக்கினார். டைனமைட்டில் சம்பாதித்த ஆல்ஃபிரட் நோபலுக்கும் கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தது இதைத்தான்.

தோலின் மேலடுக்கு வெறும் செத்த செல்கள். பெரும்பாலான இடங்களில் தாளைவிட மெல்லியது. ஆனா லேசில் எதையும் உள்ளே விடாது. மூலக்கூறு சின்னதாக இருக்கணும், கொழுப்பிலும் கரையணும். எடை 500 டால்டனைத் தாண்டினால் நுழைவது கஷ்டம். நைட்ரோகிளிசரின் வெறும் 227. விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். தோல் வழியே போனால் அந்தச் சேதம் இல்லை.

1979-இல் அமெரிக்காவில் முதல் பேட்ச் அனுமதி பெற்றது. பயண வாந்திக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமைன் அது. அடுத்த சில வருடங்களிலேயே நைட்ரோகிளிசரின் பேட்ச் வந்தது. நாள் முழுக்க ஒட்டியிருந்தால் நாள் முழுக்கப் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள்ளேயே உடம்பு பழகிவிட்டது, மருந்தின் வேகம் குறைந்துபோனது. அதனால்தான் இன்று தினமும் 10 முதல் 12 மணி நேரம் பேட்சைக் கழற்றிவைக்கச் சொல்கிறார்கள்.

தொழிலாளி தொப்பிக்குள் காப்பாற்றிவைத்த அதே பழக்கத்தைத்தான் மருத்துவர் ஒவ்வொரு இரவும் கலைக்கிறார். ஓய்வு நாட்களில் நெஞ்சுவலி வந்து, திடீரென்று செத்துப்போன தொழிலாளர்களும் உண்டு. உடம்பு எவ்வளவு சீக்கிரம் பழகும், பழகியது நின்றால் என்ன ஆகும் என்பதற்கு முதல் சாட்சி அவர்கள்தான். அவர்களை யாரும் சோதனைக்கு அழைக்கவில்லை, கூலிக்கு அழைத்தார்கள்.