சிறையிலிருந்து ஒரு பிறந்தநாள் பரிசு



பேத்தி பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று வீட்டில் ஒரே பேச்சு. எனக்கு நைனி சிறைதான் நினைவுக்கு வந்தது.

1930 அக்டோபர் 26. இந்திராவுக்கு 13 வயது. (ஆங்கிலத் தேதி நவம்பர் 19, அந்த ஆண்டு சம்வத் பஞ்சாங்கப்படி அக்டோபரில் வந்தது, நாம் நட்சத்திரம் பார்ப்பது போல.) சிறைக்குள் இருக்கும் நேரு எதை வாங்கித் தருவார்? மகளுக்கு உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதத் தொடங்கினார். நூலகம் கிடையாது, முன்பு எடுத்துவைத்த குறிப்பேடுகள்தான் துணை. 1931 ஜனவரி 1 அன்று தாய் கமலாவும் கைதானார். அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1933 ஆகஸ்ட் வரை 196 கடிதங்கள். அசோகர், நெப்போலியன், நம் சோழர்கள்கூட உண்டு. 1934இல் நூலாயிற்று.

பொம்மையை அவள் அப்பா வாங்கட்டும். நான் தபால் நிலையம் போய் இன்லண்ட் லெட்டர் வாங்கி வந்திருக்கிறேன்.